கீழே என்று ஒன்று இல்லாத அறை

சந்தையில் மூட்டைகளை எடைபோடுகிறவன் அவன். தன் அக்காவின் தாடையை அவள் புருஷன் உடைத்த அன்றே, அந்த ஆளைச் சுரங்கக் குழியில் தள்ளிக் கொல்வதென்று முடிவுசெய்துவிட்டான். கத்தி என்றால் கறை படியும். குழி என்றால், பாவம், கால் தவறிவிட்டது என்று ஊரே சாட்சி சொல்லும்.

அக்கா புருஷன் பாறையில் துளைபோடுகிறவன். அவர்கள் கிரகம் சின்னது, உள்ளே ஆறிப்போனது. அதன் மையம்வரை குடைந்து, மறுபக்கத்துக்கும் குடைந்துகொண்டிருந்தார்கள். "நீங்க வேலை செய்யற இடத்தைப் பாக்கணும் மாமா" என்றதும் மாமன் பெருமையாகக் கூட்டிப்போனான்.

லிஃப்ட் இறங்க இறங்க உடம்பு லேசானது. செருப்பு காலைவிட்டுக் கழன்று மிதந்தது.

"பயப்படாத மாப்ளே. தாண்டி வந்த பாறையெல்லாம் கணக்குல இல்ல. நமக்குக் கீழ மிச்சம் இருக்கிறதுதான் நம்மள இழுக்கும். அது குறையக் குறைய நீயும் குறைவே."

"சந்தையில இப்படிக் குறைஞ்சா கடையைக் கொளுத்திருவாங்க மாமா."

கிரகத்தின் மையத்தில் இருந்த நடுவறையில் யாருமில்லை, எல்லோரும் சாப்பிட மேலே போயிருந்தார்கள். மறுபக்கக் குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பில் மாமன் திரும்பி நின்றபோது இவன் முழு பலத்தோடு தள்ளினான். மாமன் பஞ்சுபோலக் கொஞ்சதூரம் போய், ஒரு கம்பியைப் பிடித்து நின்றான். தள்ளியவன்தான் பின்னால் பறந்து சுவரில் மண்டையை மோதிக்கொண்டான்.

"எங்கடா விழறது? எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு. இங்க கீழன்னு ஒண்ணு கிடையாது" என்று மாமன் சிரித்தான். சிரித்தபடியே கல் நிரம்பிய வண்டியின் சங்கிலியைக் கழற்றி, சுவரில் முதுகை ஊன்றி, இரண்டு காலாலும் அதை உதைத்தான்.

வண்டி மிதந்து வந்தது. தராசுக்காரன் புத்தி, எடையில்லாத சரக்குக்கு என்ன மரியாதை என்று ஒரு கையை நீட்டியது. எலும்பு இரண்டாக முறிந்தது. வண்டி நிற்கவில்லை, முழங்கையைச் சுவரோடு வைத்து நசுக்கியது. எடைதான் போயிருந்தது, கல் அத்தனையும் அப்படியே இருந்தது. ரத்தம் சொட்டாமல் உருண்டை உருண்டையாக மிதந்தது.

மிச்சத்தை முடிக்க மாமன் கடப்பாரையோடு எதிர்ச்சுவரை உதைத்துக் கிளம்பினான். அறையின் நடுவே வந்தபோது, இவன் சுவரில் முதுகைக் கொடுத்து வண்டியை உதைத்துவிட்டான்.

பிடிக்க ஒன்றுமில்லாத நடுவெளியில், தன்னை நோக்கி மெல்ல வரும் வண்டியை மாமன் பார்த்தான். அது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். கடப்பாரையைப் பக்கவாட்டில் வீசினான். அந்த விசையில் உடம்பு கொஞ்சம் நகர்ந்தது. போதவில்லை.

"மாப்ளே, நிறுத்துடா."

"அக்காவும் அதைத்தான சொன்னா."

வண்டி மாமனை நெஞ்சோடு வாரிக்கொண்டுபோய் எதிர்ச்சுவரில் அறைந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்குவது கேட்டது. அப்புறம் வண்டி மட்டும் நிதானமாகத் திரும்பி வந்தது.

லிஃப்ட் ஏற ஏற, உடைந்த கை கனத்துக்கொண்டே போனது. குழிவாயிலில், தாடையில் கட்டோடு அக்கா காத்திருந்தாள்.

"அவரு?"

"இனி வரமாட்டாரு."

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். தாடைக்கட்டை அவிழ்த்து, அவன் கழுத்தில் தொட்டிலாக முடிந்து கையைத் தாங்கவைத்தாள்.

"யாரு கேட்டாலும் நீ வாயைத் திறக்காத" என்றாள், வலியில் பல்லைக் கடித்தபடி. "நான் பேசிக்கறேன்."