களத்தில் ஆடு

மல்லசமுத்திரத்துச் சேகோ ஆலையின் களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டால் ஊர் ஆடுகளுக்கு மூக்கு வேர்த்துவிடும். முதலாளி கந்தவேல் கம்பம் நட்டுக் கேமராவும் ஒலிபெருக்கியும் மாட்டினார். பார்த்துக்கொள்வது, சேலத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருக்கும் ரஞ்சனி.

வெள்ளைக் களத்தில் வெள்ளை ஆடு முதலில் கேமராவுக்குப் பிடிபடவில்லை. படம் படமாகக் கட்டம் போட்டு, இது ஆடு, இதுவும் ஆடு என்று ரஞ்சனிதான் பழக்கினாள். தரையோடு வெள்ளையாக எது அசைந்தாலும் ஆடு என்று அது கற்றுக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் கம்பத்திலிருந்து நாய் குரைக்கும். ஆடுகள் விழுந்தடித்து ஓடும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

அங்கே அவளுக்குப் பழக்கமான ஒரே ஆள், தொட்டி கழுவுகிற கதிர். தினமும் கம்பத்தைப் பார்த்து வலது கையைத் தூக்குவான்.

"ஏனுங்க கம்பத்து அம்மிணி, சோறு தின்னாச்சுங்களா?"

"ஆச்சு ஆச்சு. நீ வேலையப் பாரு சாமி" என்று கம்பம் பதில் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஆலைக்கு விடுமுறை. திரையில் சிவப்புக் கட்டம் விழுந்தது: ஆடு. மாவுத் தொட்டிப் பக்கமிருந்து களத்துக்கு வந்துகொண்டிருந்தது. ரஞ்சனி பொத்தானை அமுக்கினாள். அது ஓடவில்லை. நின்றது, மறுபடி நகர்ந்தது. மறுபடி அமுக்கினாள்.

"திமிரப் பாரு." ஒலியைக் கூட்டி இன்னொரு தரம் அமுக்கினாள்.

அது கம்பத்தைப் பார்த்து வலது கையைத் தூக்கியது.

கந்தவேலைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, நம்ம கதிருங்க. தொட்டில உழுந்து மாவோட கெடக்கறானுங்க. கால இழுத்துட்டு ஊர்ந்து வாரான். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுங்களா?"

"லீவு நாள்ல ஆளத் தொட்டிக்குள்ள எறக்குனது யாருன்னு கேப்பாங்களே அம்மிணி. மெஷின் என்னன்னு சொல்லுது?"

"ஆடுன்னுங்க."

"அப்ப ஆடுதான்."

"உசுரு இருக்குதுங்க!"

"எம்பட போன்லயும் எல்லாந் தெரியுது. சாகக் கெடக்கறவன் மேல மூணு தரம் நாய உட்ட புள்ளைன்னு ஊருக்குச் சொன்னா, உங்களுக்கு நல்லாருக்குங்களா?"

போன் அணைந்தது. ஆம்புலன்ஸ் எண்ணின் முதல் இலக்கத்தை அமுக்கியவள் அதோடு நின்றாள்.

ஒவ்வொரு முறையும் கேட்பதைத் திரை இப்போதும் கேட்டது. ஆடுதானா?

ஆமாம் என்று அமுக்கினாள். சிவப்புக் கட்டம் மறைந்தது. கை மட்டும் கொஞ்ச நேரம் தூக்கியபடியே இருந்தது. பிறகு தாழ்ந்தது.

வெயில் சாயும்போது நிஜ ஆடுகள் வந்தன. அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஜவ்வரிசியைத் தின்றன. பொத்தானுக்குப் போன விரலை ரஞ்சனி எடுத்துக்கொண்டாள். அவனுக்கு இன்னும் காது கேட்கலாம்.