பட்டாணி வைக்கோல் கரடி

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் ஹலூஸ்கி கிராமத்துக்குக் கரடி வரும். உடம்பெல்லாம் பட்டாணி வைக்கோலைச் சுற்றி, தலையில் துணியால் தைத்த கரடித்தலையை மாட்டிக்கொண்ட ஓர் ஆள்தான் கரடி. வீட்டுக்காரி அதோடு ஆடி எவ்வளவு உயரம் குதிக்கிறாளோ, அந்த வருஷம் நார் எடுக்கிற ஆளிச்செடி அவ்வளவு உயரம் வளரும். கரடி எந்த வீட்டையும் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் அது செத்த வீடு. ஸ்லோவாக்கியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மா, தன் ஊரிலும் இதே கதைதான் என்பாள். சிலுவை வருவதற்கு முன்பிருந்தே ஸ்லாவிய ஜனம் ஆடுகிற ஆட்டம் இது என்று பாதிரியார்கூட முணுமுணுப்பார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் கரடி போகக் கூடாதென்று ஊர்த்தலைவர் வோந்த்ரா உத்தரவு போட்டிருந்தார். நிலத்தைக் கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் கூட்டுப்பண்ணைக்கு எழுதிக் கொடுக்காமல் ஊரில் மிச்சமிருந்தது நாங்கள் மட்டும்தான். அவருக்குப் பயந்து வருஷம் முழுக்க ஒருத்தரும் எங்களோடு பேசவில்லை. கடைக்காரி உப்பை மேசைமேல் தள்ளிவிடுவாள், கையில் தர மாட்டாள்.

காலையிலேயே என் புருஷன் மட்டோஷ் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் யாரும் வாசல மிதிக்கலேன்னா நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன், அபொலேனா. ஊரே இல்லாம நிலத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"போட்டுட்டு வாங்க. அப்புறம் சூப்பு ஊத்துறேனா பாருங்க," என்றேன். யாராவது வருவார்கள் என்று பன்றிக்கொழுப்பைக் காய்ச்சி, ஜாம் வைத்த மாவு உருண்டைகளைப் பொரித்துத் தட்டு நிறைய அடுக்கினேன்.

மதியம் அக்கார்டியன் சத்தம் பக்கத்து வீடுவரை வந்தது. எங்கள் வாசற்கதவை மறித்துக் கைகட்டி நின்றார் வோந்த்ரா. சத்தம் நின்றது. கரடி மட்டும் நிற்கவில்லை. அவரை உரசிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தது. பின்னாலேயே கரடியோடு சுற்றும் நாலைந்து வேஷக்காரர்களும் நுழைந்தார்கள். வேஷம் போட்டவன் யாரென்று சாயங்காலம்வரை யாரும் கேட்கக் கூடாது, தலைவரே ஆனாலும்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வருஷமா என்னைப் பாத்தா ஊமையாயிடுறீங்க, இன்னிக்கு மூஞ்சிய மூடிக்கிட்டு ஆட வந்துட்டீங்களோ? மறைஞ்சு வர்றதெல்லாம் வர்றதில்ல. நான் ஆட மாட்டேன், போ!"

"அடியே, வந்தவங்கள விரட்டாத," என்று மட்டோஷ் பதறினார்.

வோந்த்ரா சிரித்தார். "பாருங்கய்யா, அவளுக்கே வேணாமாம். வெளிய வாங்க."

கரடி இரண்டு கையாலும் தலையைக் கழற்றிப் பனியில் போட்டது. வியர்த்து வழியும் சிவந்த முகம். கொல்லன் அலொய்ஸ்! அவன் மகள் விளாஸ்தாவை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வோந்த்ராவின் சிபாரிசு வேண்டும். அது ஊருக்கே தெரியும்.

"பாவி, பொண்ணு படிப்பு என்னடா ஆகும்?" என்று கத்திவிட்டேன்.

"தெரியலக்கா. மறைஞ்சு வந்தா வந்ததில்லைன்னு நீதானே சொன்ன. இப்ப ஆடுறியா இல்லையா? வைக்கோல் அரிக்குது."

"அலொய்ஸ், நல்லா யோசிச்சுக்கோ," என்றார் வோந்த்ரா.

"யோசிச்சாச்சு தோழரே. உள்ள வாங்க, பலகாரம் சூடா இருக்கு."

அக்கார்டியன் சத்தம் மறுபடி எழுந்தது. ஆடினேன். கண்ணீர் வழிய, பாவாடை பறக்கக் குதித்தேன். மட்டோஷ் பிளம் சாராயத்தைக் கோப்பைகளில் ஊற்றினார். ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய் வோந்த்ராவிடம் நீட்டினார்.

"நாளைக்கு ஆபீஸ்ல என் கையெழுத்துக்காகக் காத்திருக்காதீங்க, தோழரே. எரு இழுக்கிற வேலை கெடக்கு."

வோந்த்ரா கோப்பையை வாங்கவில்லை. விளாஸ்தாவுக்குப் பள்ளிக்கூடச் சிபாரிசும் தரவில்லை. அவள் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். மறுவருஷமும் அலொய்ஸ்தான் கரடி. தலையை மாட்டாமலே வந்தான், முதலில் எங்கள் வீட்டுக்கு.