கவிழ்த்து வைத்த சோலார்

பள்ளிக்கூடத்துக் கூரையில் சோலார் மாட்டிய எலெக்ட்ரீஷியன் அதற்கு முன் ஒரு சோலாரைத் தொட்டதுகூட இல்லை. தலைமையாசிரியை அவனுடைய சொந்த அக்கா என்பதால் யாரும் கேட்கவும் இல்லை. கழுவிய தட்டைத் தூசி விழாமல் கவிழ்த்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் அவன். பளபளவென்றிருந்த பக்கத்தில் பந்தும் காக்கையும் படக்கூடாதென்று, பலகைகளைக் குப்புறக் கவிழ்த்து, ஆறாம் வகுப்பின் கண்ணாடிக் கூரைமேல் இறுக்கிவிட்டு இறங்கினான்.

கரண்ட் வராமல் இருந்திருக்க வேண்டும். வந்தது. அடைமழையிலும் ஃபேன்கள் பிய்த்துக்கொண்டு சுற்றின.

"கைராசிக்காரன்டா நீ," என்றாள் அக்கா. "ஆனா லீவு நாள்ல வெயில் மண்டையைப் பிளக்குது, மோட்டார் மட்டும் ஓட மாட்டேங்குது."

"அதுக்கும் லீவு வேணாமாக்கா?"

இருவரும் சிரித்தார்கள். அன்று மாலை மகள் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவளும் ஆறாம் வகுப்புதான். கண் இருந்தது, கண்ணில் மினுக்கம் இல்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். கருவிழியில் டார்ச் தெரியவில்லை.

"என்ன செல்லம், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா." சுவர் பேசியது போலிருந்தது.

மறுநாள் வகுப்பு வாசலில் நின்று பார்த்தான். பட்டப்பகலில் அறை மங்கிக் கிடந்தது. அத்தனை பிள்ளைகளின் கண்ணும் ஃபியூஸ் போன பல்பு. கூரையிலிருந்து கன்று பால் குடிப்பதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்த அக்காவை வாசலுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, இது மேலேருந்து எடுக்கல. கீழேருந்து எடுக்குது."

"கீழ என்னடா இருக்கு?"

"பிள்ளைங்க."

அக்காவின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. "பாவி, இப்பவே கழட்டுடா!"

"கழட்டினா மட்டும் போதுமா? எடுத்ததெல்லாம் பேட்டரியில கிடக்கு. அதைத் திருப்பி விடணும்."

கூரை ஒயரைப் பிடுங்கினான். பேட்டரியை அந்த வகுப்பின் பல்புகளோடு நேராக இணைத்தான். "எல்லாரும் பல்பையே பாருங்க. கண்ணை மூடினா அடி!" என்று அதட்டி ஸ்விட்சைத் தட்டினான்.

அறை வெளுத்தது. பல்புகள் தணியத் தணிய, பிள்ளைகளின் கண்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் மகளிடம் ஓடினான்.

"செல்லம்!"

அவள் பின்வாங்கினாள். கண் பளபளவென்று மின்னியது. அந்த மினுக்கம் அவன் பார்த்ததே இல்லை. "அங்கிள், நீங்க யாரு? எங்கப்பா தையக்கடை வச்சிருக்காரு."

எல்லார் வீட்டுப் பாலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அவரவர் பாலைத் திருப்பிக் கேட்டால் எப்படி? அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து தையல்காரரின் மகள் எழுந்து வந்தாள். அவன் மகளைப் போலவே உதட்டைச் சுழித்துக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பசிக்குது. வீட்டுக்குப் போலாம்பா."

மணி அடித்தது. பெற்றவர்கள் பள்ளி கேட் அருகில் நின்றிருந்தார்கள். அவன் மகள் பையைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி தையல்காரரை நோக்கி ஓடினாள். அவன் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை.