தர்ம ஊசி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் மூடியிருக்க வேண்டும் என்று எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

அக்கா மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கு ஊசி போட வேண்டும். முந்தைய ஊசிகள் எல்லாம் பழைய ஊரில் போட்டவை. இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தெருமுனை டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நீதான் ஒரு குண்டூசி வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குவியே. காசில்லாம எங்க போடறாங்கன்னு பாருடி" என்றாள்.

நான் அக்கா, மாமாவோடுதான் இருக்கிறேன். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, மாலையில் கணினி வகுப்பு. விசாரிப்பது எனக்கு நன்றாக வரும். விசாரித்ததை நம்புவதுதான் வராது. மூன்று இடத்துக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு இடத்துக்கு நடந்தே போனேன். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த சுகாதார நிலையத்தில் புதன்கிழமை காலையில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் போதும். வெளியூரில் போட்ட அட்டை செல்லுமா என்று மறுநாள் சந்தேகம் வந்தது. மறுபடி போனேன்.

நர்ஸம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏம்மா, நேத்து வந்தவதான நீ? ஊசி குழந்தைக்கா, உனக்கா? தூக்கிட்டு வா, போட்டு விடறேன்."

அன்று புதன்கிழமை. வரிசையில் வங்கி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் இருந்தாள். காரில் வந்து இறங்கிய ஒருவர், குழந்தையின் தொப்பி விழாமல் பிடித்தபடி நின்றார். அதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன். வீட்டில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமாவோடு நெட்டை உட்கார்ந்திருந்தார். மாமா கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இவர் பக்கத்து மிஷினில் தைப்பவர். பழைய ஊரில் மாமாவுக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. அதைப் பற்றித்தான் நெட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆபீசர். விசாரணை முடிஞ்சுதா, இல்ல இன்னும் சாட்சி வரணுமா?" என்றார் மாமா.

அவர் கிண்டல் செய்தால் நானும் திருப்பிக் கொடுப்பேன். எங்களுக்குள் அது வழக்கம். எங்கள் அம்மா எந்த அரசு ஆஸ்பத்திரியையும் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். அந்தச் சொல் என் நாக்கிலும் ஒட்டியிருந்தது.

"முடிஞ்சுது மாமா. உங்க பொண்ணுக்கு தர்ம ஊசி ரெடி. புதன்கிழமை போய் வரிசையில கையேந்தி நில்லுங்க, போடுவாங்க."

நெட்டை வாய்விட்டுச் சிரித்தார். "முதலாளி கையேந்தி நின்னா நாங்கள்லாம் எங்கய்யா போறது?"

மாமா சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "எம் பொண்ணுக்கு தர்மத்துல ஒண்ணும் வேணாம். அடுத்த மாசம் இந்த டாக்டர்கிட்டயே போட்டுக்கலாம்."

நெட்டை போன பிறகு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வரிசையில் நின்றவர்களைப் பற்றிச் சொன்னாலே போதும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? 'மாமா, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்றால் அவருக்கு அது இன்னும் உறைக்குமோ என்று தோன்றியது. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றையும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவருடைய மிஷினில் மோட்டார் எரிந்து, வேலை பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த மாதம் வாடகை முந்திக்கொண்டது.

"நீயே தூக்கிட்டுப் போயேன்க்கா" என்று சமையலறையில் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியாமலா? சொன்னது நீ, வாங்கிக் கட்டிக்கிறது நானா?" என்றாள்.

அரை நாள் விடுப்பு எடுத்து நானே தூக்கிப் போயிருக்கலாம். அக்கா போவாள் என்று நான் இருந்தேன். நான் மாமாவைச் சமாதானப்படுத்துவேன் என்று அக்கா இருந்தாள்.

பதினோரு மாதம் முடிந்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, இருமல் நிற்காமல், நான்காம் நாள் காதோரத்திலிருந்து சிவப்புச் சிவப்பாக அம்மைத் தடிப்பு இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் பார்த்தார்.

"இந்த ஊசி ஏன் போடல?"

நான் பேச நினைத்தேன். அதற்குள் மாமா, "நான்தான் வேணாம்னேன்" என்றார்.

நெஞ்சில் சளி கட்டி, குழந்தை ஒன்பது நாள் படுக்கையில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். காதில் சீழ் வடிந்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகுதான், இடது பக்கம் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்று அக்கா கவனித்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், அதற்குமுன் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று காது டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உடம்பு தேறியதும் மீதி ஊசிகளுக்கு மாமாவே புதன்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தூக்கிப் போனார். நானும் கூடப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். மாமா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்வளவு பேரு வராங்களா?" என்றார்.

"அன்னிக்கே பார்த்தேன் மாமா. இதைச் சொல்லியிருக்கணும். நான் வேற எதையோ சொல்லிட்டேன்."

"நீ விளையாட்டுக்குச் சொன்னேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "தெரிஞ்சேதான் வீம்பு பண்ணேன். நெட்டை முன்னாடி."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் வேலை விட்டு வந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னை இடது பக்கம் நிற்கச் சொல்கிறார். இன்றும் சொன்னார். நான் கூப்பிட்டேன். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நிக்கிற. கிட்ட வந்து கூப்பிடு."

குனிந்து, இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். குரல் கேட்டுத் திரும்பினாளா, என் மூச்சுக்காற்று கழுத்தில் பட்டுத் திரும்பினாளா என்று தெரியவில்லை.

"கேட்டுது" என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.