முத்து கேட்கும் சூடு

…ஒரு கோப்பை போதும், கோப்பி மெஷினில் படிகிற சுண்ணாம்பையே கரைக்கிற வினாகிரிக்கு இந்த முத்து எம்மாத்திரம், ரூத் போத்தலின் மூடியைத் திருகிவிட்டு அப்படியே நின்றாள், மேசையில் அம்மாவின் முத்துமாலை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள், இத்தனை வருடமும் வங்கிப் பெட்டகத்தில் மூச்சில்லாமல் கிடந்த பை. காலையில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மச்சாள் சோபனா சொன்னது இன்னும் காதுக்குள் கொதித்தது. "வடிவாய்த் துடைச்சு வை ரூத், பின்னேரம் வாறன். என்ரை மகள் ஜெனுஷாவின்ரை கலியாணத்துக்கு நான் போட. நீதான் போடமாட்டாயே." போடமாட்டாள்தான். அதைத் தெரிந்துகொண்டுதானே அன்றைக்கும், ரூத்தின் ஞானஸ்நானத்துக்கு முதல்நாள், "உங்கடை சபையிலை நகை கூடாதெல்லோ, வீட்டிலை கிடந்தால் மனம் இழுக்குமடி, நான் வைச்சிருக்கிறன்" என்று கை நீட்டினாள், தன் சபையில் தடையில்லாததால் தன் பதக்கச் சங்கிலியை ஆட்டிக்கொண்டே. வைத்திருக்கிறேன் என்றாளா, எடுத்துக்கொள்கிறேன் என்றாளா… கணவனின் அக்கா, ரூத் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பையைத் திறந்தாள். அடக் கடவுளே, பால் நிறம் போய்ப் பழுப்பேறி, சில முத்துகளில் மயிரிழை வெடிப்பு. அம்மா இதைக் கழற்றியதும் ஈரத்துணியால் ஒற்றி, தட்டையாகக் கிடத்தி வைப்பாள், தொங்கவிடமாட்டாள், சென்ற் பூசிய கையால் தொடமாட்டாள், "முத்துக்கு உடம்புச் சூடு வேணும் பிள்ளை, பூட்டி வைச்சால் செத்துப்போகும்." வினாகிரி வேண்டாம், அது சட்டென்று தெரிந்துவிடும், நூலை ஊசியால் மெல்ல நெருடிவிட்டால்? கலியாணத்தன்று நகரசபை மண்டபத்தில் எல்லாரும் கைதட்டும்போது அறுந்து உருள வேண்டும், சோபனா பட்டுச்சேலையோடு முழங்காலில் நின்று பொறுக்க வேண்டும்… அந்தக் காட்சி கரும்பாய் இனித்தது. ஆனால் முத்துக்கு முத்து இடையே முடிச்சுப் போட்டிருந்தது, ஒன்று விழுந்தாலும் மற்றவை விழாது, அம்மா அதற்கும் வழி பார்த்து வைத்திருக்கிறாள். அம்மாவை ஏன் இதற்குள் இழுக்கிறேன், பாவம் செய்தது சோபனா, சாக வேண்டியது முத்தா? எத்தனை கொண்டாட்டத்தில் சோபனாவின் கழுத்தைத் தேடியிருக்கிறாள் ரூத், ஒருநாளும் இது இல்லை. தானும் போடாமல், தந்தவளுக்கும் கொடுக்காமல்… வைக்கோல் போரில் நாய்! கை தன்பாட்டில் துணியை நனைத்து ஒவ்வொன்றாய் ஒற்றத் தொடங்கியது. துடைத்தும் ஒளி வரவில்லை. சூடு வேண்டும். யாருடைய சூடு?

மணி அடித்தது. மாலையைப் போட்டபடிதான் கதவைத் திறந்தாள். சோபனாவின் கண் கழுத்தில் விழுந்து அங்கேயே நின்றது.

"என்னடி இது? சபையிலை தெரிஞ்சால்?"

"நீங்களே சொல்லுங்கோ மச்சாள். இது ஆருடைய மாலை எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

சோபனாவின் முகத்தில் இரத்தம் வற்றியது, கை தன் சங்கிலியைப் பிடித்தது, இதற்காகத்தானே ரூத் இத்தனை வருடம் காத்திருந்தாள், ஆனால் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விரல் தன் தொண்டைக் குழியில் இருந்தது, குளிர்ந்து கிடந்த முத்து அங்கே இளஞ்சூடாகியிருந்தது, மணி அடிக்க முன்னமே, கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதே… அப்போது சோபனாவை நினைத்தேனா?