வெள்ளோட்டம்

கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தவரை அவள் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றதும் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. கொட்டகைக்குள் நீலப் புகை மண்டியிருந்தது. தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயின் விளிம்பைக் கவ்விக்கொண்டு அந்தப் பழைய படகு மோட்டார் நின்றது. அதன் முன்னால், முழங்கைவரை கிரீஸும் முகமெல்லாம் சிரிப்புமாக அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான்.

"நானாதான் நிறுத்தினேன்," என்றான். "சத்தம் நின்னாப் போதும், பதறியடிச்சு ஓடி வந்துடுற. மோட்டாருக்கே கூச்சமா இருக்காதா?"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை அது நடந்தது சமையலறையில். மேல்தட்டிலிருந்து கோப்பையை எடுக்கக் கையை உயர்த்தியவன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். கோப்பை உடைந்த சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. சில நொடிகள்தான். பிறகு தலையை உலுக்கிக்கொண்டு, காலையில் சாப்பிடாததால் வந்தது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். இரண்டாம் தடவை இந்தக் கொட்டகையில். தேநீர் குடிக்கக் கூப்பிட வந்தவள், பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில் அவன் சொருகிக் கிடப்பதைப் பார்த்தாள். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் மூடியில்லாமல் சுழன்ற இரும்புச் சக்கரத்தின் காற்றில் அவன் நெற்றி முடி படபடத்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்! காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். கண் விழித்தவன் முதலில் சொன்னது, "யாருகிட்டயும் சொல்லாதே."

அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில், இருட்டுக் குழிக்குள் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்பவன். மயக்கம் வருகிற ஆளை எந்தக் கம்பெனி அங்கே ஏற்றும்? டாக்டரிடம் போனால் எழுதுவார்கள், எழுதினால் கம்பெனிக்குப் போகும், போனால் நாற்காலியில் உட்காரவைத்து போன் எடுக்கச் சொல்வார்கள் என்றான். "அதுக்கு நான் செத்தே போகலாம்." அதைச் சொன்னபோது அவன் விளையாடவில்லை. அவளோ மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். முன்பின் தெரியாதவர்களிடம்கூட மாத்திரையை நீட்டியபடி, "தள்ளிப் போடாதீங்க, டாக்டரைப் பாத்துடுங்க" என்று தினமும் வாய் ஓயாமல் சொல்கிறவள். வீட்டுக்குள் வந்ததும் அந்த வாய் தைத்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

மோட்டார்மேல் அவளுக்குக் கோபமில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து சாக்கில் கட்டி அவன் அதைத் தூக்கிவந்தபோது, அது அவர்கள் இருவரையும்விட வயதானதாக, இறுகிப்போய், தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுகிற விசிறியின் ஓர் இதழ் உடைந்து கிடந்தது. பிஸ்டன் அசைந்து கொடுக்கவே எண்ணெயில் பல நாள் ஊற வேண்டியிருந்தது. கார்புரேட்டரின் துளைகளை அவன் தேய்த்துச் சுத்தம் செய்தது அவளுடைய பல் துலக்கும் பிரஷ்ஷால் என்பது தாமதமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. "உனக்குச் சக்களத்தி வந்துட்டா போல" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். "வந்தவ பெட்ரோலைத்தான் குடிக்கிறா, என் உயிரைக் குடிக்கல" என்று இவளும் பதிலுக்குச் சொன்னாள். அதெல்லாம் சமையலறையில் கோப்பை உடைவதற்கு முன்பு.

"ஞாயிற்றுக்கிழமை ஏரியில இறக்கப்போறேன்," என்றான் இப்போது, துணியில் கையைத் துடைத்தபடி.

"தம்பியையும் கூட ஏத்திக்கோங்க."

தம்பி என்றால் அவள் கொழுந்தன். ஏரிக்கரையில் தூண்டில் போட வருகிறவர்களுக்குப் படகு விடுகிறவன்.

"அவனுக்கு அவன் பொழப்பு இருக்கு. தவிர, இந்த மோட்டார் அவனோட குட்டிப் படகைத்தான் தள்ளும். அதுல அவன் அந்த உடம்பைத் தூக்கிட்டு ஏறினா நாங்க ரெண்டு பேரும் மீனுக்குத்தான்."

"அப்போ நான் வரேன்."

அவன் கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் படகில் ஏற்ற அவன் படாத பாடு பட்டிருக்கிறான். குளியல் தொட்டியையே தள்ளி நின்று பார்க்கிறவள் அவள். அவன் முகம் சின்னப் பிள்ளைபோல் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆசையில் வருகிறாள் என்று நினைத்துவிட்டான்.

உடனே பாடம் தொடங்கிவிட்டது. இந்தக் காலத்து மோட்டார்போல் இதில் கியர் கிடையாது. கயிற்றைச் சுற்றி இழுத்து, மோட்டார் பற்றிக்கொண்டால் படகு அந்த நொடியே கிளம்பிவிடும். ஓட்டுகிறவன் விழுந்தால் தானாக நிறுத்துகிற வாரெல்லாம் இதைச் செய்தவர்கள் கனவிலும் காணாதது.

"நிறுத்தணும்னா?" பீப்பாய்க்கு எதிர்ப்பக்கம் நின்றபடி கேட்டாள்.

"இதோ, சக்கரத்துக்கு அடியில இந்தப் பிடி. இந்தக் கோடிக்குத் தள்ளினா வேகம், அந்தக் கோடிக்குத் தள்ளினா நின்னுடும். நீ எதுக்குக் கவலைப்படுற? நான்தானே ஓட்டப்போறேன்."

அவள் மனதில் குறித்துக்கொண்டாள். வலது பக்கம் தள்ளினால் நிற்கும்.

ஞாயிறு காலை நல்ல வெயில். ஏரி அசையாமல் கிடந்தது. கொழுந்தன் படகுத்துறையில் மிதவை ஜாக்கெட்டுகளோடு நின்றான். "வெள்ளோட்டத்துக்கு எதுக்குடா இந்த வேஷம்?" என்று கணவன் ஜாக்கெட்டை ஒதுக்கினான். அவள் அதை எடுத்து அவன் தோளில் மாட்டி, மார்பில் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கடைசிக் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். "அண்ணி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி இருக்கு," என்று கொழுந்தன் சிரித்தான். இப்போதே அவனிடம் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கணவன் அவளைப் பார்த்தான். அவள் விழுங்கிக்கொண்டாள்.

படகின் முன்பலகையில், ஏரிக்கு முதுகைக் காட்டி, அவனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்க்கப் பயம் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும். முடிச்சுப் போட்ட கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். ஒரு கனைப்பு. அடுத்த இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது, படகு துள்ளிப் பாய்ந்தது. அவள் இரு பக்க விளிம்பையும் இறுகப் பற்றினாள். கரையில் கொழுந்தன் கைதட்டிக் கூச்சல் போட்டான். யாரோ தூண்டில்காரர் கூப்பிட அந்தப் பக்கம் போனான். படகுத்துறை சிறுத்துக்கொண்டே போயிற்று.

மோட்டார் சீராக ஓடியது. கொட்டகைச் சுவர்களுக்குள் இடியாக இருந்த சத்தம், திறந்த வெளியில் ஒரு தையல் இயந்திரத்தின் படபடப்பாக அடங்கியிருந்தது. அவன் எதையோ கத்திச் சொன்னான். காதில் விழவில்லை. "என்ன?" என்று இவளும் கத்தினாள். அவன் மோட்டாரைச் சுட்டிக்காட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். காற்றில் கண்ணில் நீர் கோத்திருந்தது. இத்தனை சந்தோஷமாக அவனைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! ஒன்றும் ஆகாது, நான்தான் வீணாகப் பயந்து சாகிறேன் என்று தோன்றியது. அவள் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கத் திரும்பினாள்.

படகு வளைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அதே முகம். கண் திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. கைப்பிடியிலிருந்து அவன் விரல்கள் நழுவின. மோட்டார் ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டது, படகு சரிந்தது. பின்பலகையிலிருந்து அவன் மூட்டை உருண்டதுபோல் தண்ணீருக்குள் போனான்.

அவள் அலறினாளா என்று அவளுக்கே தெரியாது. படகு நிற்கவில்லை. ஓட்ட ஆளில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, வட்டம் போடத் தொடங்கியது. ஆரஞ்சு ஜாக்கெட் தூரத்தில் தெரிந்தது, பக்கவாட்டுக்கு வந்தது, பிறகு நேர் எதிரில் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படகு அவனை விட்டுப் போகவில்லை. அவனை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீருக்கு அடியில், அவனே அரம் போட்டுத் தீட்டிச் சரிசெய்த அந்த விசிறியோடு.

எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்தாள். நடுப்பலகையில் முழங்கால் இடித்தது. படகின் சரிவு அவளையும் வெளியே தள்ளப் பார்த்தது. வானத்தைப் பார்த்தபடி மிதந்த அவன் முகம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், படகின் ஓரமாக வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. கண்ணை மூடிக்கொண்டாள். எதுவும் இடித்த சத்தம் இல்லை. திறந்தபோது ஜாக்கெட் படகு கிளப்பிய அலையில் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் சிவப்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. படகு அடுத்த வட்டத்துக்குக் கிளம்பிவிட்டது.

மோட்டாரை எட்டிவிட்டாள். சுழலும் சக்கரத்தின் அடியில் கையை விட்டுப் பிடியைத் தேடினாள். சூடு விரலைப் பொசுக்கியது. வலது பக்கம். வலது பக்கம் தள்ளினால் நிற்கும். தன் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினாள்.

மோட்டார் வீறிட்டது. படகு முன்னைவிட வேகமாக, முன்னைவிடக் குறுகலாகச் சுழன்றது. அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவன் பொய் சொல்லிவிட்டானா? பிடி உடைந்துவிட்டதா? எதிரில் மறுபடி ஆரஞ்சு நிறம் பெரிதாகிக்கொண்டு வந்தது. இப்போது அவன் கை லேசாக அசைந்தது. விழித்துக்கொள்கிறான். விழித்தால் நீந்தப் பார்ப்பான், எந்தப் பக்கம் நீந்துவான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். "அசையாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அப்போது, பீப்பாய்க்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் தானும் எதிரெதிரே நின்றது கண்முன் வந்தது. அன்று அவள் பார்த்தது மோட்டாரின் முதுகை. இன்று அவன் இடத்தில் நிற்கிறாள். அவளுடைய வலது இங்கே இடது.

பிடியை மறுகோடிக்கு இழுத்தாள். மோட்டார் இருமியது. நின்றது.

ஓடிய வேகத்தில் படகு இன்னும் கொஞ்சம் வழுக்கிச் சென்று, அவன் தோளில் மெல்ல முட்டி அடங்கியது. அவள் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். இனி யார் வந்து பிரித்தாலும் விடமாட்டாள். இடுப்போரம் தொங்கவேண்டிய ஜாக்கெட் வார் பாதியில் முடிந்திருந்தது. அதன் முனை கத்திரிக்கோலால் நறுக்கியதுபோல் நேராக இருந்தது. விசிறி அவ்வளவு பக்கத்தில் போயிருந்தது.

அவன் இருமினான், தண்ணீரைத் துப்பினான். கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"மோட்டார்..." என்றான்.

"நின்னுடுச்சு."

"நீயா நிறுத்தினே?"

அவளுக்கு அவனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அறைய வேண்டுமானால் ஒரு கையை விட வேண்டும். விடவில்லை.

கொழுந்தனின் படகு சீறிக்கொண்டு வந்தது. அண்ணனை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கித் தன் படகில் போட்டான். அவளையும் கைபிடித்து அந்தப் படகுக்கு மாற்றினான். கம்பளியை எடுத்து அண்ணனைச் சுற்றினான். கொழுந்தனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னண்ணே ஆச்சு? நீ போய் விழலாமா?"

"கால் வழுக்கிடுச்சுடா," என்றான் கணவன். பல் கிடுகிடுத்தது. "பலகையில எண்ணெய் சிந்தியிருந்துச்சு. எழுந்து நின்னேன், வழுக்கிடுச்சு." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அது கெஞ்சல். அவன் இதுவரை அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சூடு பட்ட இடம் வெளுத்துக் கொப்புளமாக எழும்பத் தொடங்கியிருந்தது. நாளை திங்கட்கிழமை. நாளைக் காலை கணவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சிக்குப் போவான். அங்கே ஜாக்கெட் கிடையாது. பிடியைத் தள்ள அவளும் அங்கே இருக்கமாட்டாள். சொன்னால் அவன் தன்னை மன்னிக்கவே மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தண்ணீருக்குள் அவன் விழுந்தபோதுகூட இந்தப் பயம் இல்லை.

"வழுக்கல," என்றாள்.

"ஏய்," என்றான் கணவன், மெல்ல.

"வழுக்கல தம்பி. மயங்கி விழுந்தாரு. இது மூணாவது தடவை. ரெண்டு தடவை வீட்டுல ஆச்சு, நான்தான் யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன்."

கொழுந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் குனிந்து, குட்டிப் படகின் மூக்கில் கயிறு கட்டித் தன் படகோடு பிணைத்தான். பிறகு மோட்டாரைக் கிளப்பினான். "நேரா ஆஸ்பத்திரிதான் அண்ணி," என்று மட்டும் சொன்னான்.

கணவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் காது மடல் ஈரமாக, நீலம் பாரித்திருந்தது. அதைத் துடைத்துவிடக் கை நீட்டினாள், நடுவழியில் மடக்கிக்கொண்டாள். கரை வர இன்னும் தூரம் இருந்தது. பின்னால் அந்தப் பழைய மோட்டாரைச் சுமந்துகொண்டு ஆளில்லாத படகு வந்தது. நடுவில் கயிறு தொய்ந்து தண்ணீருக்குள் முங்கியது, பிறகு விறைத்து, சொட்டச் சொட்ட மேலே எழும்பியது, மறுபடி தொய்ந்தது.