தொழுகைக்கு முன் ஒரு மூட்டை

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். மூக்காயி பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். பெருநாள் புதுச்சட்டை வேர்வையில் நனைந்திருக்க, தலையில் சிறு மூட்டையுடன் நின்றார் கீரமங்கலம் அரிசிக்கடை நைனார் ராவுத்தர்.

“பிடி தாயி! பெருநாளுக்குக் குடுக்குற பித்ரா அரிசி. எல்லாருக்கும் குடுத்தாச்சு, ஒன் வீடுதான் மிச்சம்.”

மழை பொய்த்த வருஷம். இரண்டு நாளாகப் பிள்ளைகளுக்கு வெறும் தண்ணீர்தான். ஆனாலும் மூக்காயி கை நீட்டவில்லை.

“சும்மா வாங்கிப் பழக்கமில்லீங்க. வேலை இருந்தாச் சொல்லுங்க, செய்யிறேன்.”

“இதை வாங்குறதுதான் வேலை! தொழுகைக்கு முந்தி இது பசிச்ச வீட்டுக்குப் போகலைன்னா, நான் ஒரு மாசம் பிடிச்ச நோன்பு அந்தரத்துல நிக்கும். இப்ப யாரு யாருகிட்டக் கையேந்துறது, நீயே சொல்லு!”

பள்ளிவாசல் பக்கம் தொழுகைக்கு முந்திய தக்பீர் முழக்கம் எழுந்தது. ராவுத்தர் நகரவில்லை. மனிதர் தொழுகையையே விட்டுவிடுவார் போலிருந்தது.

கொடுக்க வந்தவர் இப்படிக் கெஞ்சி மூக்காயி பார்த்ததில்லை. மூட்டையை வெடுக்கென்று இறக்கிக்கொண்டாள்.

“வாங்கியாச்சு! இன்னும் என்ன நிக்கிறீங்க? ஓடுங்க ராவுத்தரே!”

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினார் அவர். அவருடைய வெள்ளைத் தொப்பி பள்ளிவாசலுக்குள் மறைவதைப் பார்த்த பிறகுதான் மூக்காயி உலையை வைத்தாள்.